ஒரிஜினல் சண்டை

இந்த மாரி தொடங்கினதில் இருந்து எங்கள் கராஜில் ஓடிக்கொண்டிருக்கிற சண்டை ஒரு தகரத் துண்டைப் பற்றியது. 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்றில், சாரதி கால் வைக்கிற இடத்தில் தரைத் தகடு உக்கிப் போய், யாரோ ஒரு காலத்தில் எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். வெல்டிங் கிடையாது. சுற்றிவர ரிவிட் அடித்து, இடைவெளிக்குத் தார் காய்ச்சி ஊற்றி, மேலே ரப்பர் விரிப்பு. தாரைச் சுரண்டினால் பீப்பாயின் நீலமும் பாதி எழுத்துகளும் இப்போதும் தெரிகின்றன. கார்ச் சொந்தக்காரத் தம்பி அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு போட வேண்டும் என்கிறான். கேம்பிரிஜ் அண்ணன் விடமாட்டேன் என்று நிற்கிறார். "அது சண்டைக் காலத்தில அடிச்ச ஒட்டுடா தம்பி. கொக்கட்டிச்சோலைப் பக்கம் அப்ப வெல்டிங்குக்குக் கரண்ட் எங்க இருந்தது? அதையும் வெட்டினா மறுகா இந்தக் காரில என்ன இருக்கு?"

கராஜ் என்றவுடன் பெயர்ப்பலகை போட்ட இடத்தை நினைத்துவிடாதீர்கள். மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு வீட்டின் பின்வளவு, நாலு தூண், தகரக் கூரை, ஒரு சங்கிலிக் கப்பி, அவ்வளவுதான். அஞ்சு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்து சேர்வோம். யாருடைய காராவது திறந்து கிடக்கும், பிளேன்டீ வரும், வேலை நடக்கும் என்று சொல்வதை விட வேலையைச் சுற்றிப் பேச்சு நடக்கும் என்று சொல்வதுதான் சரி. ஆட்களைக் காரின் பெயரால்தான் கூப்பிடுவோம். ஒஸ்டின் கேம்பிரிஜ் வைத்திருப்பவர் கேம்பிரிஜ் அண்ணன். ட்ரையம்ப் ஹெரல்ட் வைத்திருக்கிற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் எல்லாருக்கும் சேர். காத்தான்குடியில் லேத் வைத்திருக்கிற காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் சொந்தமாகப் பழைய கார் கிடையாது, ஆனால் அவர் இல்லாமல் எங்கள் கார் ஒன்றும் நகராது என்பதால் அவர் சொல்வதுதான் கடைசியில் தீர்ப்பு.

இந்தக் கூட்டத்தில் சுகம் விசாரிக்கிற வழக்கம் இல்லை. முதல் கேள்வியே "ஸ்டார்ட் வந்ததா?" என்பதுதான். வந்தது என்றால் எந்த அடியில் வந்தது, சோக் எவ்வளவு இழுத்தாய், புகை எந்த நிறம். வரவில்லை என்றால் இன்னும் சந்தோஷம், அன்றைக்குப் பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது. போன கிழமை ஆரையம்பதியில் இருந்து ஒருவர் போன் எடுத்து, கார் வழியில் நின்றுவிட்டது என்றார். சேர் ஒன்றும் கேட்கவில்லை, போனைப் போனட்டுக்குக் கிட்டப் பிடித்துச் சாவியைத் திருப்பு என்று மட்டும் சொன்னார். ஸ்பீக்கரில் கேட்டது டிக்டிக்டிக் என்று நிற்காமல் ஓடுகிற சத்தம். மைனரின் எஸ்யூ பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் வேலை செய்வது. சாவியைத் திருப்பியதும் வேகமாக அடிக்கும், காபரேட்டரின் கிண்ணம் நிரம்ப நிரம்பச் சத்தம் மெதுவாகி நின்றுவிடும். நிற்காமல் அடித்தால் ஒன்றில் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கேயோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லை என்றால் உள்ளே பொயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், ஸ்பனரின் பிடியால் மெல்லத் தட்டினால் எழும்பிவிடும். "பெற்றோல் இருக்கா எண்டு பாரு முதல்ல" என்றார் சேர். இருக்கவில்லை. அந்த மனிதர் அடுத்த நாள் கராஜ் பக்கமே வரவில்லை, அது வேறு கதை.

வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், எப்படி இலங்கையில் இத்தனை மைனர், ஒஸ்டின், பீஜோ மிஞ்சியிருக்கின்றன என்று. ஆசையில் மிஞ்சியவை என்று நான் சொல்லமாட்டேன். அறுபதுகளில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதியை இறுக்கினார்கள், 1977க்குப் பிறகுதான் ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. நடுவில் இருந்த அந்த நீண்ட காலத்தில் இருக்கிற காரை ஓட்டியே ஆகவேண்டிய நிலைமை. சாமான் கிடையாது, ஆகவே பாஸ்மார், அதாவது கைதேர்ந்த மெக்கானிக்மார், சாமானைச் செய்தார்கள். புஷ் கடைந்தார்கள், பிஸ்டன் ரிங்கை வேறு எஞ்சினில் இருந்து எடுத்து அரைத்துப் போட்டார்கள், மட்கார்டைத் தகட்டில் கையால் அடித்து எடுத்தார்கள். அந்தக் கைத்திறன் எவ்வளவு தூரம் போனது என்றால், 1990களில் தெற்கில் ஒரு தொழிற்சாலை மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. கார் பிறந்த ஊருக்கு நாங்கள் மட்கார்ட் அனுப்பியிருக்கிறோம். 2020இல் வாகன இறக்குமதியை மறுபடி நிறுத்தி, 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட வருடங்களில் கோழிக்கூட்டுக்குள் கிடந்த பழைய கார்களுக்கெல்லாம் திடீரென்று விலை வந்தது. கொழும்பில் இருந்து ஆட்கள் போன் எடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்கிற கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: "ஒரிஜினலா?"

அந்தக் கேள்வி வந்த நாளில் இருந்துதான் எங்கள் பேச்சு மாறிப் போனது என்று எனக்கு ஒரு எண்ணம். அதற்கு முதல் ஓடுதா ஓடலையா என்பதுதான் கணக்கு. இப்போது எல்லாருக்கும் ஒரிஜினல் நோய். ஒரிஜினல் ஹோர்ன், ஒரிஜினல் கைகாட்டி, ஒரிஜினல் இலக்கத் தகடு. கைகாட்டி என்றால் கதவுத் தூணுக்குள் இருந்து வெளியே நீட்டிக் காட்டுகிற அந்தச் சின்னச் செம்மஞ்சள் கை. 1961 வரைக்கும் மைனருக்கு அதுதான், பிறகுதான் மினுக்கி விளக்கு வந்தது. கல்முனை வீதியில் இன்றைக்கு அதை நீட்டிக்கொண்டு திரும்பினால் பின்னால் வருகிற ஓட்டோக்காரப் பொடியனுக்கு என்னவென்றே விளங்காது, நேரே வந்து கதவில் ஏறுவான்.

இலக்கத் தகடு இன்னும் சிக்கல். ஈ.என்., ஈ.எல். என்று ஆங்கில எழுத்தில் வந்த பழைய இலக்கங்களுக்கு இப்போது தனி மதிப்பு. அதற்குப் பிறகு வந்தது ஶ்ரீ இலக்கம். 1957இல் சிங்கள ஶ்ரீ எழுத்தை வாகனத் தகடுகளுக்குக் கொண்டுவந்தபோது தமிழரசுக் கட்சிக்காரர்கள் தமிழில் ஶ்ரீ எழுதிக்கொண்டு கார் ஓடினார்கள், 1958இல் அந்தப் பதற்றம் தமிழருக்கு எதிரான கலவரத்தில் போய் முடிந்தது எங்கள் தாத்தாமாருக்குத் தெரியும். தம்பியின் காரில் இருப்பதும் ஶ்ரீ இலக்கம்தான். கொழும்பில் இருந்து கார் பார்க்க வந்த ஒருவர், "தகட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள், அதுதான் அழகு" என்று சொல்லிவிட்டுப் போனார். சேர் அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை. அவருக்கு 1958இல் பத்து வயதுகூட இருந்திருக்காது, ஆனால் வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டு வளர்ந்தவர். ஒரிஜினல் என்று சொல்வதெல்லாம் எல்லாருக்கும் ஒரே மாதிரி அழகாக இருப்பதில்லை.

சரி, பீப்பாய்க்கு வருவோம். இந்த மைனர் தம்பிக்கு அம்மப்பா வழியாக வந்தது. மட்டக்களப்பில் வீடு வளவெல்லாம் பெண் வழியில் போவதுதான் வழக்கம், இந்தக் காரும் அப்படியே அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து இவனுக்கு வந்திருக்கிறது. அம்மப்பா வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்தவர். உள்நாட்டு யுத்தம் நடந்த நாட்கள், வாவியைக் கடந்து சீமெந்து, பெட்டரி, எரிபொருள் எதைக் கொண்டுபோவதென்றாலும் சோதனைச் சாவடியில் பதில் சொல்லவேண்டியிருந்த காலம். அங்கே ஒரு கார் ஓடியது என்றால் அது கிடைத்ததை வைத்து ஓடியது. அந்த ஒட்டுக்குப் பின்னால் ஒரு பாஸின் மூளை இருக்கிறது. ரிவிட்டுகள் எல்லாம் ஒரே இடைவெளியில், ஓரத்தை உள்ளே மடித்து, கால் கிழிபடாமல் அடித்திருக்கிறார். அவசரத்தில் செய்த வேலை மாதிரியே இல்லை.

கேம்பிரிஜ் அண்ணனுக்கு இது பெரிய விஷயம், காரணம் அவருடைய காருக்கும் அப்படி ஒரு பூர்வீகம் உண்டு. அது ஏ55 மார்க் டூ, இத்தாலியின் பினின்ஃபரினா வரைந்து கொடுத்த உருவம், பின்பக்கம் இரண்டு வால் சிறகு. யுத்தத்தில் மூடிக் கிடந்த ஏ9 யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் வாங்கினார். தொண்ணூறுகளில் அங்கே பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியவை. கொஞ்சம் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு குறைந்தால் ஆவியாகாமல் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும், ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், அந்த ஒயிலுக்கும் தட்டுப்பாடு. அண்ணன் ஹெட்டைக் கழட்டியபோது உள்ளே இரண்டு கேஸ்கட் அடுக்கிப் போட்டிருந்தது. அமுக்கத்தைக் குறைத்தால்தான் மண்ணெண்ணெய் இடிக்காமல் எரியும். அதைப் பார்க்க அன்றைக்கு ஆள் கூடியது, தேர் பார்க்கிற மாதிரி.

இப்போது சேர் பிடித்துக்கொண்டார். "நீங்க அந்த ரெண்டாவது கேஸ்கட்டை என்ன செய்தீங்க?"

"கழட்டிட்டன். இப்ப பெற்றோல் இருக்குதானே."

"உங்கட காரில வரலாற்றைக் கழட்டலாம், அவன்ட காரில கழட்டக் கூடாதா?"

அண்ணன் கொஞ்ச நேரம் பிளேன்டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய் மைனரின் போனட்டில் கையை வைத்தார். "இது என்ன எண்டு தெரியுமா?" போனட்டின் நடுவே மேலிருந்து கீழே ஒரு தட்டையான பட்டை ஓடும், மைனரைப் பார்த்த எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கும். அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வரைந்து முடித்து, 1948இல் வெளியே விடுவதற்குக் கொஞ்சம் முதல், அகலம் போதாது என்று மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு இஞ்சி, அதாவது நாலு அங்குலம், கூட்டினார். போனட்டில் அந்த நாலு இஞ்சிதான் பட்டையாக நிற்கிறது. பம்பர் அதற்கு முதலே அடித்துக் கிடந்ததால் ஆரம்பக் கார்களில் அதையும் நடுவே வெட்டி ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். "பக்டரியிலயே ஒட்டுப் போட்டுத்தான் வந்த கார் இது. ஒரிஜினலே ஒட்டு. மறுகா இஞ்ச போட்ட ஒட்டு மட்டும் என்ன குறைச்சல்?"

எனக்கு இந்த வாதம் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கும். விற்கிற விலைக்காக ஒரு காரை 1959இல் ஒக்ஸ்ஃபோர்டில் இருந்து இறங்கிய அன்றைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, நடுவில் அது இந்த மண்ணில் பட்டதையெல்லாம் அழித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் எங்களில் இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு: கதை நன்றாக இருந்தால் அதன் கீழே இருக்கிற இரும்பைப் பார்க்க மறந்துவிடுவோம்.

ஏனென்றால் எங்கள் ஊர் கார்களுக்கு ஆகாத ஊர். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் உவர் வாவி, நடுவில் ஒரு கீலம் நிலம், அதில் நாங்கள். நவம்பரில் இருந்து ஜனவரி வரை மழை. தகட்டுக்கு வெளியே பிடிக்கிற கறள் பயமில்லை, கண்ணுக்குத் தெரியும், தேய்க்கலாம். பெட்டி மாதிரி மூடின இடங்களுக்குள் உப்பு ஈரம் போய் இருந்துகொள்வதுதான் ஆளைக் கொல்லும். தண்ணீர் வடிய விட்டிருக்கிற ஓட்டைகளை டிங்கர் வேலைக்காரர்கள் பட்டி வைத்து அடைத்து அழகாகப் பெயின்ட் அடித்துவிடுவார்கள், பிறகு அது உள்ளிருந்து உக்கும். 2004 சுனாமியில் கடல்நீர் ஏறின கார்களை வெளியே கழுவித் துடைத்து ஓட்டினவர்கள் ஓரிரு வருடத்தில் கதவு கழன்று விழுந்த கதையைச் சொல்வார்கள். நல்ல தண்ணீரை உள்ளே அடித்து, நாள்கணக்கில் காயவிட்டு, பழைய ஒயிலையும் டீசலையும் கலந்து பெட்டிகளுக்குள் பீய்ச்சினவர்களின் கார்கள் இப்போதும் நிற்கின்றன. வாசம் தாங்க முடியாது, வீட்டில் ஏச்சு விழும், ஆனால் வேலை செய்யும்.

மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். உடம்புதான் சேசிஸ். தரையும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டித் தகடும், குறுக்கே போகிற பெட்டியும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. முன்சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்கிற டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியின் பின்முனையும் அந்தக் குறுக்குப் பெட்டியில்தான் பிடித்திருக்கிறது. தரையில் ஒட்டுப் போடுவது கால் நனையாமல் இருக்க மட்டும் போதும். அதன் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

காக்கா அதுவரை ஒன்றும் பேசவில்லை. கப்பியில் முன்பக்கத்தைத் தூக்கச் சொல்லி, கீழே சாக்கு விரித்துப் படுத்து, ஒரு பழைய ஸ்க்ரூ ட்ரைவரால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு டங் டங் என்று சொல்லும். ஓரமாகத் தொடங்கி உள்ளே வரவர, டங், டங், டக், பிறகு சத்தமே இல்லை. பீப்பாய் ஒட்டுக்கு நேர்கீழே குறுக்குப் பெட்டியில் ஸ்க்ரூ ட்ரைவர் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் ஈரக் கறள் மண்ணாகக் கொட்டி, பின்னால் தண்ணீர் கொஞ்சம் ஒழுகியது. தார் மேலே பூசினதால் மேலே காய்ந்திருக்கிறது, கீழே வருடக்கணக்காகத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. படுத்தபடியே காக்கா சொன்னார்: "பீப்பாய்க்கு ஒண்டும் ஆகல்ல. அதைப் பிடிச்சிக்கிருக்க இரும்புதான் இல்ல. வெட்டுங்க."

அதற்குமேல் அண்ணனும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முதல் கல்லடிப் பாலத்தடியில் ஒருவருடைய மைனரின் முன்சில்லு அப்படியே மடிந்து உள்ளே போனதை எல்லாரும் பார்த்தவர்கள். அது வேறு நோய், முன்சில்லைத் தாங்குகிற மரைப் பிடி கிரீஸ் காணாமல் தேய்ந்து கழன்றது. மைனரில் உலகம் முழுக்கத் தெரிந்த வியாதி அது, ஒழுங்காகக் கிரீஸ் அடித்தால் வராது. மெதுவாக வந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் லொறி வந்திருந்தால்?

வெட்டுகிற வேலை ஒரு பக்கம் நடக்க, சாமான் தேடுகிற பேச்சு மறு பக்கம் தொடங்கியது. கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு யார் போகிறார்கள், யாருடைய மாமி கோயில் கும்பிடச் சென்னை போகிறா, அவவின் பெட்டியில் எத்தனை கிலோ மிச்சம். சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் கிடைப்பவை இருக்கின்றன. அம்பாசிடர் என்று இந்தியாவில் 2014 வரைக்கும் செய்த கார் மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்டின் பிள்ளைதான், அதன் 1489 சிசி எஞ்சினும் அண்ணனின் கேம்பிரிஜ் எஞ்சினும் ஒரே குடும்பம். சேரின் ஹெரல்டையும் அங்கே ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் செய்தார்கள். திருத்தலப் பயணம் போய் வருகிற மாமிமாரின் பெட்டியில் விபூதிப் பொட்டலத்துக்கும் சேலைக்கும் நடுவே கேஸ்கட் செட் வருவது எங்களுக்குப் புதிதில்லை.

ஸ்பனர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தினமும் யாராவது ஒருவர் இதில் ஏச்சு வாங்குகிறார்கள். இந்தக் கார்கள் இஞ்சிக் கணக்கு. அரை இஞ்சி என்றால் 12.7 மில்லிமீற்றர், 13ஆம் நம்பர் போட்டால் ஏறும், இறுக்கமான நட்டில் வழுக்கி மூலையைத் தின்றுவிடும். 9/16க்கு 14 ஏறவே ஏறாது, 15 ஆடும். எஸ்யூவிலும் லூகாஸ் மின்சாரச் சாமான்களிலும் வேறு அளவு மரைகளும் கலந்து வரும். ஜப்பான் காரில் வேலை பழகின பிள்ளைகள் நல்ல கெட்டிக்காரர்கள், ஆனால் கையில் இருக்கிற செட்டை வைத்தே தொடங்கிவிடுவார்கள். பெட்டரியும் அப்படித்தான். மைனர் கடைசி வரை பொசிட்டிவை உடம்போடு சேர்த்த கார். இந்தக் கால வழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் முதலில் போவது யாரோ ஆசையாகப் பூட்டின ரேடியோ.

தகட்டை இறக்குமதி செய்வதா இங்கே மடிப்பதா என்பதில் சண்டை வரவில்லை. விலையைக் கேட்டதும் தம்பியே காக்காவைப் பார்த்தான். ஒரு நாள் பின்னேரம் மட்டையில் அளவெடுத்து, அடுத்த நாள் குறுக்குப் பெட்டி வந்துவிட்டது. வெல்டிங் பிடிக்கும்போது கதவைப் பூட்டி வைத்துத்தான் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பு தொய்ந்து பிறகு கதவு பூட்டாது என்று சேர் மூன்று தரம் சொன்னார், மூன்று தரமும் காக்கா "ஓம் சேர்" என்றார். உள்ளே ரெட் ஒக்சைட் அடித்து, வடிகால் ஓட்டை விட்டு, அதன்மேல் புதுத் தரை. பீப்பாய்த் துண்டை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ரிவிட் அடித்த ஓரத்தை வைத்து அவருடைய கேம்பிரிஜில் பெட்டரித் தட்டு செய்யப் போகிறாராம். செய்வார், சொன்னால் செய்கிற ஆள்.

இப்போது சண்டை நிறத்துக்கு வந்திருக்கிறது. கதவுத் தூணில் ஒரு இடத்தைத் தேய்த்துப் பார்த்தோம். மேலே வெள்ளை, கீழே ஒரு நீலம், அதற்குக் கீழே கறுப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் கரும்பச்சை. தம்பிக்குக் கரும்பச்சை வேண்டும், கார் வந்த நிறம் அதுதானே என்கிறான். அவனுடைய அம்மா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா ஓடினது வெள்ளைக் காருடா, நான் பச்சையா கண்டதே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் உடனே வெள்ளைப் பக்கம் சேர்ந்துகொண்டார். நானும் வெள்ளைதான். சேர் எந்த நிறமானாலும் இந்த ஈரத்தில் இப்போதைக்கு ஸ்ப்ரே பிடிக்காதே, பெயின்ட் வெளுத்துப் பூக்கும், தைப்பொங்கல் கழியட்டும் என்கிறார். தம்பி அதற்குள் கல்முனையில் நிறம் கலக்கிற கடையில் விலை கேட்டு வந்துவிட்டான். பச்சைக்கு ஒரு விலை, வெள்ளைக்கு ஒரு விலை, வெள்ளை மலிவு. காக்கா விலையைக் கேட்டுவிட்டு, முதலில் கைபிரேக் கேபிளை மாற்று என்றார்.